குரல் கம்மினால்

வாய் திறந்தவுடன் குரல் எழுவதால், அது எங்கிருந்து எழுகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அது கம்மிப் போன பின்னரே அதன் அருமை புலனாகிறது.

கழுத்தின் முன்புறத்தில் விரல் வைத்து எச்சிலை விழுங்கினால், ஓர் உறுப்பு மேலெழுந்து தாழ்வதை உணரலாம். அதுவே குரல்வளை. அதனுள்ளே, மூச்சுக்குழாயின் தலைவாயிலில், குரல் நாண்கள் எனப்படும் இரண்டு மெல்லிய மடிப்புகள் உள்ளன. மூச்சு வாங்குங்கால் இவை விலகி நிற்கும். பேச முற்படுங்கால் ஒன்றையொன்று நெருங்கும். நுரையீரலிலிருந்து வரும் காற்று இடையே புகுந்து இவற்றை அதிரச் செய்கிறது. சாதாரணப் பேச்சில் ஆடவருக்கு விநாடிக்குச் சுமார் 120 முறையும், பெண்டிருக்குச் சுமார் 200 முறையும் இவை அதிர்கின்றன. 1854-ஆம் ஆண்டில் மானுவேல் கார்சியா என்னும் சங்கீத ஆசிரியர், தொண்டைக்குள் சிறு கண்ணாடி ஒன்றை வைத்துச் சூரிய ஒளியில் தம் நாண்களின் அசைவைத் தாமே கண்டார்.

நாண்களின் விளிம்பு வழுவழுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும் வரையில் குரல் தெளிவாக இருக்கும். அவை வீங்கினாலோ, விளிம்பில் ஏதேனும் முளைத்தாலோ, ஒன்று அசைய மறுத்தாலோ, இரண்டும் சரிவரப் பொருந்தா. காற்று கசியும், குரல் கம்மும்.

ஜலதோஷத்தால் நேரும் வீக்கம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் தானே தணிந்துவிடும். ஓயாது உரக்கப் பேசும் ஆசிரியர்கள், கூவி விற்போர், பாடகர்கள் ஆகியோருக்கு, மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு ஏறுவது போல், நாண்களிலும் சிறு தடிப்புகள் தோன்றுவதுண்டு. இரைப்பையின் புளிப்பு நீர் மேலேறுவதும், புகையிலைப் புகையும் நாண்களை உறுத்துகின்றன.

இதற்கு முதல் மருந்து ஓய்வு. அழுத்திக் கிசுகிசுப்பது ஓய்வாகாது. அதுவும் நாண்களை வருத்தும். அடிக்கடி கனைப்பதும் தீது. போதிய நீர் அருந்துதல் நன்று. பனங்கற்கண்டும் மிளகும் தொண்டைக்கு இதமளிக்கும். ஆனால் விழுங்கும் பொருள் உணவுக்குழாய் வழியே செல்வதால் நாண்களைத் தொடுவதில்லை.

கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டுவது அவசியம். பீடி, சிகரெட் பிடிப்போர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். நாணில் புற்றுநோய் தோன்றினால், வலி ஏதுமின்றிக் கம்மலே முதல் அடையாளமாக வரக்கூடும். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் நோயும் தீரும், குரலும் நிற்கும். காலந்தாழ்த்தினால் குரல்வளையையே அகற்ற நேரலாம். மேலும், இடப்புற நாணை இயக்கும் நரம்பு மார்புக்குள் இறங்கிப் பெருந்தமனியைச் சுற்றி மேலேறுவதால், மார்பு நோயும் குரலில் தெரிய வரும். மூச்சுத் திணறல், விழுங்குவதில் தடை, இருமலில் இரத்தம், கழுத்தில் கட்டி ஆகியவை உடன் காணப்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மருத்துவர் மெல்லிய குழாய்க் கருவியால் நாண்களை நோக்குவது சில நிமிஷ வேலையே. மாத்திரைகளை மாற்றி மாற்றி விழுங்கி மாதங்களைக் கழிப்பதினும், அச்சில நிமிஷங்களை ஒதுக்குவதே அறிவுடைமை.