ஐந்து வண்டி, பத்து நிமிடம்

கரையான் புற்றின் மேல் முன்னங்கால்களை ஊன்றி நின்றுகொண்டிருந்தது அந்தச் சிவிங்கிப்புலி. இருநூறு மீட்டர் தள்ளி தாம்சன் மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கென்யாவின் மாசாய் மாராவில் காலை ஏழரை மணி. நாங்கள் போனபோது அங்கே இரண்டு வண்டிதான் நின்றது. கால் மணி நேரத்தில் பதினேழு ஆனது. எண்ணிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்னொரு லேண்ட் குரூசரின் கதவுதான் தெரிந்தது. புலி புற்றைவிட்டு இறங்கி, புல்லோடு புல்லாகப் பதுங்கி நடந்தது. அது போகும் திசையை ஊகித்து மூன்று வண்டிகள் தடத்தைவிட்டு விலகி முன்னால் போய் நின்றன. மான்கள் தலையைத் தூக்கின. வேட்டை அத்தோடு முடிந்தது. புலி அப்படியே உட்கார்ந்து கொட்டாவி விட்டது. "செம ஷாட்" என்றார் எங்கள் வண்டியில் ஒருவர்.

அந்த மூன்றில் ஒரு வண்டி எங்களுடையது. ஓட்டுநரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முந்தின நாள் இரவுச் சாப்பாட்டின்போது, சிவிங்கி வேட்டையாடுவதைக் காட்டிவிட்டால் தனியாகக் கவனிக்கிறோம் என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தது நாங்கள் ஆறு பேரும்தான்.

ஆப்பிரிக்க சஃபாரியில் நடக்கும் விதிமீறல்களில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்குகின்றன என்று நினைக்கிறேன். மாரா சரணாலயத்தின் விதிகள் தெளிவானவை. ஒரு விலங்கைச் சுற்றி ஒரே நேரத்தில் ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. பின்னால் வேறு வண்டிகள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் நகர்ந்துவிட வேண்டும். 25 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். தடத்தைவிட்டு இறங்கக் கூடாது. இவையெல்லாம் ஓட்டுநருக்கு மனப்பாடம். ஆனால் அவருடைய வருமானத்தில் அன்பளிப்பு ஒரு பெரும் பங்கு. ரேடியோவில் 'டூமா' என்ற சொல் கேட்டதும் பின் இருக்கையில் இருப்பவர்கள் அவர் தோளைத் தட்டினால், விதி பெரிதா வாடிக்கையாளர் பெரிதா என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. டூமா என்றால் சுவாஹிலியில் சிவிங்கிப்புலி.

ஒரு வேட்டை கெட்டால் என்ன, மதியம் இன்னொன்று ஆடாதா என்று கேட்கலாம். சிங்கமும் கழுதைப்புலியும் பெரும்பாலும் இரவில் வேட்டையாடுபவை. அவற்றோடு மல்லுக்கட்ட முடியாத சிவிங்கி பகலைத் தேர்ந்துகொண்டது. அதே பகலில்தான் நாமும் வண்டி ஏறுகிறோம். மாராவில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. சுற்றுலா வண்டிகள் குறைவான பகுதிகளில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 2.3 குட்டிகள் வளர்ந்து தாயைப் பிரியும் பருவத்தை எட்டின. வண்டிகள் மிகுந்த பகுதிகளில் அது 0.2. அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி. இதைப் படித்த பிறகு அந்தக் கொட்டாவியைப் படமாகப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

நமக்குள்ள ஆபத்துக்கு வருவோம். திறந்த வண்டியில் இருப்பவர்களைச் சிங்கம் ஏன் தொடுவதில்லை என்று எல்லாரும் கேட்பார்கள். வண்டியையும் ஆட்களையும் சேர்த்து ஒரே உருவமாகத்தான் அது பார்க்கிறது என்பது வழிகாட்டிகள் சொல்லும் விளக்கம். எழுந்து கூரைக்கு வெளியே உடம்பை நீட்டினாலோ, கதவைத் திறந்து இறங்கினாலோ அந்த உருவம் உடைந்துவிடும். 2015 ஜூனில் ஜோகன்னஸ்பர்க் அருகே ஒரு சிங்கப் பூங்காவில், காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படமெடுத்த அமெரிக்கப் பயணி பெண்சிங்கம் தாக்கி இறந்தார். கண்ணாடியை ஏற்றியே வைக்கச் சொல்லும் பலகைகள் அங்கே இருந்தன. 2024 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் பிலான்ஸ்பர்க் பூங்காவில், குட்டிகளோடு நின்ற யானைக் கூட்டத்தைப் படமெடுக்கக் காரைவிட்டு இறங்கிய ஸ்பெயின் நாட்டவரை யானைகள் மிதித்துக் கொன்றன. எப்போதும் பயணியின் தவறுதான் என்றும் சொல்ல முடியாது. அதே ஆண்டு மார்ச்சில் ஜாம்பியாவின் கஃபூவே பூங்காவில், வழிகாட்டியோடு வண்டிக்குள்ளேயே இருந்தவர்கள் மீது யானை பாய்ந்து வண்டியைப் புரட்டியது. மூத்த பயணி ஒருவர் உயிரிழந்தார்.

யானை விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. கன்னத்தில் மதநீர் வழியும் களிற்றைக் கண்டால் விலக வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆப்பிரிக்கக் களிற்றுக்கும் மதம் உண்டு. காது விரிப்பது, தலையை உலுக்குவது, மண்ணை வாரி இறைப்பது எல்லாம் 'போய்விடு' என்பதுதான். எது வெறும் மிரட்டல், எது நிஜப் பாய்ச்சல் என்று கணிப்பது பயணியின் வேலையல்ல. "வேண்டாம், பின்னால் எடுங்கள்" என்று சொல்வது உங்கள் உரிமை. கூட வந்தவர்கள் முகம் சுளித்தாலும் சொல்லலாம். நல்ல வழிகாட்டி, ஒருவர் சொன்னாலே வண்டியை எடுத்துவிடுவார்.

இனி பணம். 2024 முதல் மாசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். அந்தச் சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரை மட்டுமே செல்லும். மலிவாகத் தெரியும் பேக்கேஜ்களின் அடியில் சின்ன எழுத்தில் 'பார்க் கட்டணம் தனி' என்று இருக்கும். வில்டபீஸ்ட் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் ஆகஸ்டில் மூன்று நாள் என்றால் ஆளுக்கு 600 டாலர், வாசலில் நின்று கட்ட வேண்டிவரும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் நான்கு பேருக்கும் அப்படிக் கட்டிவிட்டு, மீதி நாட்களை விடுதிப் புல்தரையில் கழித்தது.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சிலவற்றை மின்னஞ்சலில், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத்தில் எதெல்லாம் அடக்கம்? வண்டியில் எத்தனை பேர், ஆளுக்கொரு ஜன்னல் இருக்கை உண்டா? நாளொன்றுக்கு எத்தனை மணி நேர சவாரி? கென்யாவில் வண்டி ஓட்டும் நிறுவனத்துக்கு அந்நாட்டுச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா? வழிகாட்டி, கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற தரங்களில் எதில் தேறியவர்? கடைசிக் கேள்வியைக் கேட்டாலே எதிர்முனையில் பேச்சின் தொனி மாறிவிடும். கூட்டத்துக்கு அஞ்சுபவர்கள் சரணாலயத்தை ஒட்டி மாசாய் மக்களின் நிலத்தில் நடக்கும் கன்சர்வன்சிகளை விசாரிக்கலாம். செலவு கூடும், ஆனால் அங்கே வண்டிகளின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு உண்டு.

காகிதங்களில் நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் கென்யா போன்ற நாடுகளிலிருந்து திரும்பினால், இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன நாள்வரை முழுக்கச் சாப்பிட வேண்டும். திரும்பிவந்து சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், 'ஆப்பிரிக்கா போயிருந்தேன்' என்பதுதான் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம். கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசா இல்லை, மின்னணுப் பயண அனுமதிதான். அரசுத் தளத்தின் சாயலிலேயே கூடுதல் பணம் பிடுங்கும் தனியார் தளங்கள் உண்டு. அரசுத் தளத்தின் முகவரி 'கோ டாட் கேஇ' என்று முடியும். செருப்பையும் முறுக்கையும் கேரி பேக்கில் சுற்றி எடுத்துப் போகாதீர்கள். கென்யா 2017இலும் தான்சானியா 2019இலும் பிளாஸ்டிக் பைகளைத் தடைசெய்துவிட்டன. மஞ்சப்பை எடுத்துப் போகலாம்.

காப்பீட்டில் மருத்துவ விமான மீட்பு அடக்கமா என்று பாருங்கள். புல்வெளியில் அடிபட்டால் நல்ல மருத்துவமனை என்பது பெரும்பாலும் நைரோபிதான். அங்கே கொண்டுபோக சிறிய விமானம் வர வேண்டும்.

படமெடுப்பவர்களுக்கு ஒரு பக்குவம். முக்காலி வண்டிக்குள் உதவாது. காலியான துணிப் பையை எடுத்துப் போய், நைரோபியில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பி, ஜன்னல் விளிம்பில் போட்டு அதன் மேல் லென்ஸை வையுங்கள். எஞ்சினை நிறுத்தச் சொன்னால் அதிர்வும் நின்றுவிடும். ஃப்ளாஷ் வேண்டாம். ட்ரோன் கூடவே கூடாது. பிடிபட்டால் அங்கேயே பறிபோகும். கறுப்பும் கருநீலமும் உடுத்தினால் ட்செட்சி ஈ தேடிவரும். காண்டாமிருகத்தைப் படமெடுத்தால் இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் பகிருங்கள். கொம்புக்காக அலைபவர்களும் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள். மாசாய் மக்களைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அவர்கள் காட்சிப்பொருள் அல்லர், கேட்டால் பலர் சிரித்துக்கொண்டே நிற்பார்கள்.

தவறு நடந்தால்? ஒரு வண்டி விலங்கைத் துரத்துகிறது என்றால் அதன் எண்ணையும் நேரத்தையும் குறித்து, வாசலில் இருக்கும் ரேஞ்சரிடம் கொடுங்கள். உங்கள் சொந்த ஏற்பாட்டில் குளறுபடி என்றால், அதாவது சொன்ன விடுதி மாறியது, வண்டி பழுதாகி ஒரு நாள் போனது, அடக்கம் என்ற கட்டணத்தைத் திரும்ப வசூலித்தார்கள் என்றால், அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். ரசீது, படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 'அது நைரோபிக்காரர் தவறு' என்று இங்குள்ள முகவர் கைவிரித்தால் விட்டுவிடாதீர்கள். பணம் வாங்கி ரசீது கொடுத்தவர் அவர். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். முகவர் மும்பையில் இருந்தாலும் சரி. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாகக் கார்டில் கட்டியிருந்தால், வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனையை மறுத்து மனுக் கொடுப்பதுதான் குறுக்குவழி. அதற்குக் கெடு குறைவு, ஊர் திரும்பிய வாரமே செய்யுங்கள். பேக்கேஜ் விலையோடு டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியும் பிடித்திருப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய பணம். இதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சிங்கம் தென்படவில்லை என்று மட்டும் வழக்குப் போட முடியாது. எங்கள் ஆறு பேரில் ஒருவர் ஊர் வந்ததும் இதைத்தான் கேட்டார், நான்கு நாளும் சிறுத்தையே காட்டவில்லையாம். 'செம ஷாட்' சொன்ன அதே நபர்.