உஷார்! காப்பி எடுத்ததெல்லாம் பேக்கப் ஆகாது

ராத்திரி கரன்ட் போய் வந்தது. காலையில் காபியோடு உட்கார்ந்து பாட்டு ஆப்பைத் திறந்தால் சர்வர் எழவே இல்லை. டேட்டாபேஸ் சிதைந்துவிட்டது என்று ஒரு வரி மட்டும் வருகிறது. ‘நாமதான் வாராவாரம் காப்பி எடுக்கிறோமே’ என்று பென் டிரைவைச் செருகுகிறீர்கள். அந்தக் காப்பியிலும் அதே வரி!

வேறு வழியில்லாமல் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள். பாட்டுகள் எல்லாம் வந்துவிடுகின்றன, ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் ராத்திரிப் பயணத்துக்கென்று பார்த்துப் பார்த்துக் கோத்த பிளேலிஸ்ட் இல்லை. நட்சத்திரம் போட்டு வைத்த பாட்டுகளில் ஒரு நட்சத்திரமும் மிச்சமில்லை. எதை எத்தனை தடவை கேட்டீர்கள் என்ற வருஷக்கணக்கான கணக்கு பூஜ்யத்தில் நிற்கிறது.

பாட்டு ஃபைலை எங்கிருந்தாவது திரும்ப வாங்கலாம். நீங்கள் கேட்ட கதை ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. அது இருப்பது அந்த ஒரு டேட்டாபேஸ் ஃபைலில்தான்.

வீட்டுப் பாட்டு சர்வராகப் பலரும் வைத்திருக்கும் நேவிட்ரோமையே எடுத்துக்கொள்வோம். அது இந்தக் கதை முழுவதையும் ஒரே எஸ்க்யூலைட் ஃபைலில் வைக்கிறது. சர்வர் ஓடும்போது அந்த ஃபோல்டரை எட்டிப் பாருங்கள். டேட்டாபேஸுக்குப் பக்கத்திலேயே ‘வால்’ (-wal) என்று முடியும் இன்னொரு ஃபைல் இருக்கும். பெயருக்கேற்ற வால்தான்! புது மாற்றங்கள் முதலில் இந்த வாலில்தான் எழுதப்படும். ஏறக்குறைய 4 எம்பி சேர்ந்த பிறகே தலைக்கு, அதாவது டேட்டாபேஸ் ஃபைலுக்கு, போகும். நீங்கள் தலையை மட்டும் காப்பி எடுத்தால் நேற்று போட்ட நட்சத்திரம் அதில் இல்லாமல் போகலாம். சர்வர் எழுதிக்கொண்டிருக்கும் அந்த நொடியில் எடுத்திருந்தால் ஒரு பாதி பழசு, மறு பாதி புதுசு என்று ஒட்டாத ஃபைல் ஒன்று கையில் மிஞ்சும். காப்பி எடுக்கும்போது எந்த எச்சரிக்கையும் வராது. ஆபத்தே அதுதான்.

ஒரே டேட்டாவை இரண்டு ஹார்டு டிஸ்க்கிலும் எழுதும் ரெய்டு வைத்திருக்கிறேன் என்பவரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். நீங்களே தவறி அழித்தால் இரண்டிலும் சேர்த்தே அழிக்கும். கிளவுடோடு தானாக ஒத்திசைக்கும் ஃபோல்டரும் இதே ரகம். இங்கே கெட்டது அங்கேயும் போய்ச் சேரும்.

‘நான் ஆட்டோமேட்டிக் பேக்கப் போட்டிருக்கிறேன்’ என்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடிப் போனால் கிடங்கு காலி! டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப் கருவியோ 9.2 என்பதால் வேலை ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வாங்கப்படாமலே திருப்பி அனுப்பப்பட்டன. விபத்துக்கு ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக எடுத்த ஒரு நகல்தான் கைகொடுத்தது. ஊருக்கே சாஃப்ட்வேர் கொடுப்பவர்களின் கதி இது. நம் வீட்டு அலமாரிப் பெட்டி எம்மாத்திரம்?

சரி, என்ன செய்யலாம்?

முதல் வழி சுலபம். சர்வரை நிறுத்துங்கள், டேட்டா ஃபோல்டர் முழுவதையும் காப்பி எடுங்கள், பிறகு ஓட விடுங்கள். நிறுத்த மனமில்லையென்றால் எஸ்க்யூலைட்டின் சொந்த பேக்கப் கட்டளையைப் பயன்படுத்துங்கள். ஓடும் டேட்டாபேஸையும் அது ஒழுங்காக நகலெடுக்கும். நேவிட்ரோமில் 2024 இறுதியில் வந்த 0.54 பதிப்பிலிருந்து இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் தானாக ஓடாது! எந்த இடம், எந்த நேரம், எத்தனை நகல் என்ற மூன்றையும் நீங்கள்தான் குறித்துத் தர வேண்டும்.

அதிலும் இரண்டு குழிகள். டாக்கரில் ஓட்டுகிறீர்களா? பேக்கப் போகும் இடம் கன்டெய்னருக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கன்டெய்னரை மாற்றும் நாளில் பேக்கப்பும் அதோடு போய்விடும். தினம் ஒன்றாக ஏழு நகல் போதும் என்று நினைக்கிறீர்களா? பிளேலிஸ்ட் காணாமல் போனதைப் பத்தாம் நாள்தான் கவனிக்கிறீர்கள் என்றால், ஏழு நகலும் காணாமல் போன பிறகு எடுத்தவையாக இருக்கும். மாதத்துக்கு ஒன்றைத் தனியாக எடுத்து, வேறு டிஸ்க்கில், முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள்.

புதுப் பதிப்புக்கு மாறும் முன் கட்டாயம் ஒரு நகல் எடுங்கள். டேட்டாபேஸின் உள்ளமைப்பே மாறிவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப அந்த நகல்தான் வழி. செட்டிங்ஸ் ஃபைலையும் விட்டுவிடாதீர்கள். பாஸ்வேர்டுகளுக்குச் சொந்தச் சாவி வைத்திருந்தால், அந்தச் சாவி இல்லாமல் மீட்ட டேட்டாபேஸில் யாராலும் நுழைய முடியாது. இந்த பேக்கப்பில் பாட்டு ஃபைல்கள் சேராது. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும்.

கடைசியாக ஒரு ஒத்திகை. இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய லேப்டாப் ஒன்றில் நேவிட்ரோமைப் போட்டு, பேக்கப்பை அதில் மீட்டுப் பாருங்கள். மீட்கும்போது சர்வர் நின்றிருக்க வேண்டும். பழைய வால் ஃபைல் எதுவும் அந்த இடத்தில் மிச்சமிருக்கக் கூடாது. இருந்தால் நல்ல டேட்டாபேஸையும் கெடுத்துவிடலாம். சர்வர் எழுந்ததும் போன வாரம் போட்ட நட்சத்திரத்தைத் தேடுங்கள். கண்ணில் பட்டால் உங்களிடம் பேக்கப் இருக்கிறது. படாவிட்டால் இத்தனை நாள் வைத்திருந்தது வெறும் பென் டிரைவ்தான்!