ஏவுவது எளிது, கணக்கு வைப்பதே வேலை

ஆயிரம் புகைப்படங்களைச் சிறிதாக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், ஒரு படத்தை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடும். கணினியில் 8 கோர்கள் இருந்தாலும், பெரும்பாலானவை சும்மாவே கிடக்கும். யூனிக்ஸ் குடும்பத்தில் இதற்கு ஓர் எழுத்தே போதும்: கட்டளையின் முடிவில் ஆம்பர்சண்ட் குறி போட்டால் ஷெல் அதைப் பின்னணியில் ஓடவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போய்விடும். பலரை ஏமாற்றுவது இந்த எளிமைதான். பல கட்டளைகளைச் சேர்த்து ஓட்டுவதன் சிரமம் அவற்றைத் தொடங்குவதில் இல்லை. எத்தனையைத் தொடங்கலாம், எது தோற்றது என்று கணக்கு வைப்பதில் இருக்கிறது.

ஆயிரம் படங்களுக்கும் அந்தக் குறியைப் போட்டுவிட்டால் ஆயிரம் புராசஸ்கள் ஒரே நேரத்தில் நினைவகத்துக்கு அடித்துக்கொள்ளும். அது போதாமல் வட்டை நாடத் தொடங்கினால், வரிசையில் ஓட்டியதைவிடத் தாமதமாகவும் முடியலாம். இதைக் கட்டுப்படுத்த, எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையின் ‘பி’ விருப்பத்துக்கு 8 என்று கொடுத்தால், ஒரே நேரத்தில் 8 வேலைகளை மட்டும் ஓடவிட்டு, அவற்றில் ஒன்று முடிந்த பிறகே இன்னொன்றை உள்ளே விடும். கோப்புகளை இணையத்திலிருந்து இறக்கும் வேலைக்கு இந்த 8 பொருந்தாதே என்று கேட்கலாம். நியாயம்தான், அங்கே நேரம் போவது கணக்கிடுவதில் அல்ல, பதிலுக்குக் காத்திருப்பதில். எண்ணைக் கூட்டலாம், ஆனால் எதிர்முனை சர்வரின் பொறுமைக்கும் எல்லை உண்டு.

தோல்வியைக் கண்டுபிடிப்பது இதைவிட நுட்பமானது. பாஷ் ஷெல்லில் வெறுமனே ‘வெயிட்’ என்று எழுதினால், பின்னணி வேலைகள் முடியும்வரை ஸ்கிரிப்ட் நிற்கும். ஆனால் அவற்றில் பாதி தோற்றிருந்தாலும் வெற்றியைக் குறிக்கும் 0-வையே அது திருப்பித் தரும். உண்மை தெரிய வேண்டுமானால் ஒவ்வொரு புராசஸின் எண்ணையும் சேமித்துத் தனித்தனியே காத்திருக்க வேண்டும். திரையில் பல வேலைகளின் வரிகள் கலந்து விழுவது இன்னொரு தொல்லை. ஓலே டாங்கே எழுதிய குனூ பேரலல் என்ற கருவி, ஒவ்வொரு வேலையின் வெளியீட்டையும் அது முடியும்வரை பிடித்து வைத்து மொத்தமாகத் தருகிறது.

இத்தனை பாடுபடுவதைவிட வரிசையிலேயே ஓடட்டுமே என்பவரை மறுக்க முடியாது, வேலை சில நிமிடங்களுக்கானது என்றால். நீண்ட வேலையிலும் ஆதாயத்துக்கு வரம்பு உண்டு. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதம் அதைத்தான் சொல்கிறது. படங்களைச் சிறிதாக்கிய பின் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டும் கடைசிப் படி, பிரிக்க முடியாததாக, மொத்த நேரத்தில் 10 விழுக்காடு எடுக்கிறது என்று கொள்வோம். 8 கோர்களில் வேகம் சுமார் 4.7 மடங்கு, 16 ஆக்கினால் 6.4; எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் 10-ஐத் தாண்டாது.