தட்டளவு டேலியாவும் கோவை இரவும்

மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போகும் கோவைக்காரர்களில் பலர், திரும்பும்போது ஒரு டேலியாச் செடியையும் வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். மேலே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூத்திருந்த செடி, கீழே வந்த சில வாரங்களில் இலை சுருண்டு, மொட்டு கருகி ஓய்ந்துவிடும். வாங்கியவர் தன் கைராசியை நொந்துகொள்வார். உண்மையில் அந்தச் செடிக்கு ஒத்துவராதது நம் ஊர்க் கோடை இரவு.

1848-ல் தொடங்கப்பட்ட ஊட்டி தாவரவியல் பூங்கா சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோவையின் உயரம் 410 மீட்டரை ஒட்டி. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக, நூறு கிலோமீட்டர்கூட இல்லாத பயணத்தில் செடி பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடுதல் சூட்டுக்குள் இறங்குகிறது. டேலியாவின் பூர்வீகம் மெக்சிகோவின் மேட்டு நிலங்கள். பகலில் வெயிலும் இரவில் குளிரும் அதற்குப் பழக்கம். பகலில் இலை தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை இரவில் செடி சுவாசத்துக்கே செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் அந்தச் செலவு கூடும், மொட்டுக்கு மிஞ்சுவது குறையும்.

அதனால் சமவெளியில் காலண்டரைத் திருப்பிப் போட வேண்டும். மலையில் சித்திரை, வைகாசி என்றால் கோவை, ஈரோடு, திருப்பூரில் மார்கழி, தை. கொல்கத்தாவில் மொட்டை மாடித் தொட்டிகளிலேயே பிரமாதமான டேலியாக்களைக் குளிர்காலத்தில் பூக்கவைக்கிறார்கள், அவர்களும் சமவெளிக்காரர்கள்தான்.

அந்தப் பெரிய பூவிலிருந்து ஒரே ஒரு இதழை அடியோடு உருவிப் பாருங்கள். அடிப்பகுதி சுருண்டு சின்னக் குழலாக இருக்கும்; பக்கத்தில் மெல்லிய, ஒளி ஊடுருவும் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் உருவியது ஒரு முழுப் பூ. சூரியகாந்தி, செண்டுமல்லி, சாமந்தியின் குடும்பத்தில் எல்லாமே இப்படித்தான்: பல பூக்கள் ஒரே தலையில் நெருங்கி அமர்ந்திருக்கின்றன. காட்டு டேலியாவில் ஓரத்தில் எட்டு நாக்குப் பூக்கள், நடுவில் மஞ்சள் குழல் பூக்கள். தோட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் நடுவில் இருந்தவையும் நாக்காக நீண்டுவிட்டன. ஒரு தலையில் நூற்றுக்கும் மேல். கண்காட்சிகளில் 25 செ.மீ. விட்டத்தைத் தாண்டுவதை ராட்சத ரகம் என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள்.

ரகம் மட்டும் போதாது. செடியில் நான்கைந்து ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளி, மூன்று நான்கு கிளைகளை மட்டும் வளரவிட வேண்டும். ஒவ்வொரு கிளை நுனியிலும் நடுமொட்டு ஒன்றும் அதன் இருபுறமும் சின்ன மொட்டுகளும் வரும். பட்டாணி அளவில் இருக்கும்போதே பக்கமொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும். மனசு வராதுதான். ஆனால் கிளையின் சர்க்கரை முழுக்க ஒரே தலைக்குப் போவதற்கு இதைவிட நேரடியான வழி கிடையாது. தண்டு உள்ளே கூடாக இருப்பதால், பூ கனக்கும் முன்பே குச்சி நட்டுக் கட்டிவிடுவது அவசியம்.

பகலின் நீளமும் சேர்ந்து விளையாடுகிறது. மார்கழியில் கோவையின் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம். பகல் குறுகினால் டேலியா கிழங்கு கட்டத் தொடங்கும். பூவில் நாக்குப் பூக்கள் குறைந்து நடுவில் மஞ்சள் தெரியும். ஆகவே ஆகஸ்ட், செப்டம்பரிலேயே தளிர்த் துண்டுகளை மணலில் வேர்பிடிக்க வைத்து, பகல் சுருங்குமுன் செடியைத் தேற்றிவிடுவது நல்லது. மாலையில் சில மணி நேரம் விளக்கு போட்டால் கிழங்குப் போக்கு இன்னும் தள்ளிப்போகும்.

ஐப்பசி மழைதான் இங்கே பெரிய சோதனை. கரிசல் மண்ணில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். தொட்டியில் செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்து வைப்பதே பாதுகாப்பு. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவையும் சேர்க்கலாம். மக்கவைத்து, நன்றாகக் கழுவி உப்பை நீக்கிய பிறகுதான். உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீரைவிடச் சிறுவாணித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் இதற்கு உகந்தவை.

பிடித்த ரகத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்க விதை உதவாது. தோட்ட டேலியாவில் எட்டுத் தொகுதி குரோமோசோம்கள் உண்டு, மனிதருக்கு இரண்டு. அதனால் விதையில் முளைப்பது தாயைப் போல இருக்கவே இருக்காது. 1789-ல் மெக்சிகோவிலிருந்து மாட்ரிட் தாவரவியல் தோட்டத்துக்குப் போன விதைகளிலிருந்தும், பின்னால் போனவற்றிலிருந்தும் இத்தனை ஆயிரம் ரகங்கள் பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். 1791-ல் காவனிலெஸ் என்ற தாவரவியலாளர், ஸ்வீடனின் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டால் நினைவாக இந்தச் செடிக்கு டேலியா என்று பெயர் வைத்தார். பிடித்த ரகத்தை அப்படியே காப்பாற்றக் கிழங்கும் தளிர்த் துண்டும்தான் வழி. சர்க்கரைவள்ளியைத் துண்டாக்கி நட்டால் முளைக்கும். டேலியாக் கிழங்கில் தண்டோடு சேரும் கழுத்தில் மட்டுமே முளைக்கண் உண்டு. மாசியில் செடி காய்ந்ததும் தோண்டும்போது அந்தக் கழுத்து முறியாமல் எடுத்து, நிழலில், காய்ந்த மணலில் புதைத்து வைத்தால் ஆடியில் மறுபடி தளிர் விடும்.