பணம் கட்டியது குமாஸ்தா. பத்திரம் இருப்பது பாங்கியில்!

பிராவிடண்ட் பண்டில் கடன். மனைவியின் நகையும் விற்றாச்சு. எல்லாவற்றையும் பிளாட்டுக்கு கொட்டுகிறார் ஒரு குமாஸ்தா. ஒருநாள் காலை கட்டிடத்தை பார்க்கப் போகிறார். சுவரில் பாங்கி நோட்டீசு! "இந்த சொத்து பாங்கி வசம் எடுக்கப்பட்டுள்ளது" என்கிறது. தலை சுற்றுகிறது.

கடன் வாங்கியவர் பில்டர். மாட்டிக்கொண்டவர் குமாஸ்தா. இது எப்படி நடக்கிறது?

பங்கும் அடகு!

நிலம் ஒருவருடையது. கட்டுகிறவர் இன்னொருவர். "நாலு வீடு எனக்கு, ஆறு வீடு உனக்கு" என்று ஒப்பந்தம் போடுகிறார்கள். பில்டர் கையில் காசு இல்லை. பாங்கிக்கு ஓடுகிறார். தன் பங்கு வீடுகள், வாங்குகிறவர்கள் தரவேண்டிய பாக்கி, ஒப்பந்தத்தில் தனக்குள்ள உரிமை எல்லாவற்றையும் ஈடாக எழுதிக் கொடுக்கிறார். நிலக்காரர் சம்மதித்தால் மூலப்பத்திரமும் பாங்கி பெட்டிக்குள் போய்விடும்.

தவணை தவறினால், பில்டர் இடத்தில் பாங்கி வந்து நிற்கும். 2002-ம் ஆண்டு சர்பாசி சட்டப்படி 60 நாள் நோட்டீசு. அதற்கும் பணம் வராவிட்டால், கோர்ட்டில் வழக்கு போடாமலே ஈடு வைத்த சொத்தை ஏலம் விடலாம்.

42 ஆயிரம் பேர்

டெல்லி பக்கத்தில் உள்ள நொய்டாவிலும், கிரேட்டர் நொய்டாவிலும் அமரபாலி கம்பெனியிடம் 42 ஆயிரம் பேருக்கு மேல் பிளாட்டுக்கு பணம் கட்டினார்கள். பணம் வேறு பக்கம் போனது. வீடு எழும்பவில்லை. சதுர அடி 1 ரூபாய்க்குக்கூட பிளாட் எழுதப்பட்டதை கோர்ட்டு நியமித்த ஆடிட்டர்கள் கண்டுபிடித்தார்கள்!

2019-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. "வாங்கியவர்களின் வீட்டை விற்று பாங்கி தன் கடனை வசூலிக்க முடியாது" என்றது. வீடுகளை கட்டி முடிக்கும் பொறுப்பு மத்திய அரசு கம்பெனியான என்.பி.சி.சி.யிடம் போனது.

சட்டம் யார் பக்கம்?

2016-ம் ஆண்டு ரெரா சட்டம் சொல்வது இது: விற்பனை ஒப்பந்தம் போட்டபிறகு அந்த பிளாட்டை பில்டர் அடகு வைக்கக்கூடாது. வைத்தாலும் வாங்கியவர் உரிமை போகாது.

ஒப்பந்தத்துக்கு முன்பே அடகு இருந்தால்? அங்கேதான் சிக்கல்! பாங்கி முந்திக்கொள்ளும். பிறகு தீர்ப்பாயத்துக்கு நடையாய் நடக்க வேண்டியதுதான். பாங்கி சொத்தை எடுத்தால் அதை எதிர்த்து மனு போட 45 நாள்தான் கெடு.

ஏமாறாதீங்க!

* வில்லங்க சர்டிபிகேட் போட்டுப் பாருங்கள். அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

* மூலப்பத்திரத்தை அசலாக காட்டச் சொல்லுங்கள். "லாக்கர்ல இருக்கு சார், ஜெராக்ஸ் பாருங்க" என்றால் உஷார்!

* கடன் இருந்தால், உங்கள் பிளாட் மீது பாத்தியதை இல்லை என்று பாங்கியிடம் கடிதம் வாங்குங்கள்.

* ஒப்பந்தத்தை ரிஜிஸ்தர் செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் கேட்கக்கூடாது. கேட்டால் கொடுக்காதீர்கள்.

வீடு பிடித்திருக்கிறதா என்று பத்து தடவை போய் பார்க்கிறோம். பத்திரம் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்க வேண்டாமா?