குளத்தை மூடாதே! பம்பை அடக்கு!

இங்கிலாந்திலே பாட்டாளி மக்கள் குளிப்பதற்கென்று 1846-ஆம் ஆண்டு ஒரு சட்டமே பிறந்தது. கருணையால் மட்டுமல்ல, தோழர்களே! ஆலைச் சேரியில் தோன்றும் தொத்துநோய் சீமான்களின் மாளிகைக் கதவையும் தட்டும் என்ற அச்சமும் அதற்குக் காரணம். அந்தச் சட்டத்தின் வழியில் நகரசபைகள் குளிப்பிடங்கள் கட்டின; பின்னாளில் நீச்சல் குளங்களும் வளர்ந்தன.

2022-இல் உக்ரேன் யுத்தம் மூண்டது. எரிவாயு விலை ஏறியது. மின் கட்டணமும் உடன் ஏறியது. உடனே கை வைத்தது எதிலே? ஏழைப் பிள்ளை நீந்தும் குளத்திலே! சில ஊர்களில் நேரத்தைக் குறைத்தனர், சில ஊர்களில் குளத்தையே மூடினர். 1923 அல்ல, 2023 ஜனவரியில், கூடுதல் மின்கட்டண உதவி பெறுவோர் பட்டியலை லண்டன் சர்க்கார் வெளியிட்டது. பொருட்காட்சிசாலை இருந்தது, தாவரத் தோட்டம் இருந்தது. நீச்சல் குளம் இல்லை! கூக்குரல் கிளம்பிய பிறகே, மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் இங்கிலாந்துக் குளங்களுக்கென்று 6 கோடியே 30 லட்சம் பவுன் ஒதுக்கினர்.

"செலவு தாளவில்லை" என்கிறார்களே, அந்தச் செலவு எங்கே போகிறது என்று பம்பு அறைக்குள் போய்ப் பார்த்தார்களா?

குளத்து நீரை வடிகட்டிக்கு அனுப்பி மீண்டும் குளத்தில் விடும் பம்பு இரவு பகல் ஓய்வதில்லை. தேவைக்கு மிஞ்சிய பம்பைப் பூட்டிவிட்டு, நீர் அதிகம் பாய்கிறதென்று வால்வைத் திருகி நெரிப்பதும் உண்டு. மாட்டைச் சாட்டையால் விளாசிக்கொண்டே சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவதல்லவா இது!

வால்வை நெரிப்பதற்குப் பதில் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தால் என்ன? இத்தகைய சுற்றோட்டத்தில் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாவதில்லை. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும்! ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தாலே மின்சாரம் பாதியளவு மிஞ்சும். 8 கிலோவாட் இழுக்கும் பம்பு ஒன்றை, யாரும் நீந்தாத பத்து மணி நேரம் மட்டும் அப்படி ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 39 யூனிட், ஆண்டுக்கு 14,000 யூனிட் மிச்சம். வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி கிடைக்காத பொருளும் அல்ல.

ஒன்று சொல்லிவிட வேண்டும். கூட்டம் நிரம்பிய வேளையில் வேகத்தைக் குறைத்து, அழுக்கு நீரில் பிள்ளைகளை இறக்குவது சிக்கனமல்ல, கயமை. நீரின் தெளிவையும் குளோரின் அளவையும் சோதித்து, எந்த மணிக்கு எவ்வளவு வேகம் என்று முடிவு கட்ட வேண்டியவர் பம்பை அன்றாடம் ஓட்டும் தொழிலாளி. மிச்சம் பிடிக்கிறோம் என்று முதலில் அவரையே வீட்டுக்கு அனுப்பினால் வேகத்தைக் கவனிப்பது யார்? கணக்குப் பிள்ளையா?

இரவிலே நீரின்மேல் போர்வை விரித்தால் ஆவியோடு போகும் வெப்பமும் நிற்கும். அது தனிக் கணக்கு.

அந்த 6 கோடியே 30 லட்சத்தில் பெரும்பகுதி இத்தகைய சிக்கன ஏற்பாடுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. குளங்களை மூடிய பிறகு வந்த புத்தி!