விண்ணாய்வும் ஊர்மக்களும்

வானத்தை அண்ணாந்து நோக்குதல் மாந்தர் அனைவர்க்கும் பொதுவான செயலாகும். உழவன் மழையை எதிர்பார்த்து நோக்குகின்றான்; மீனவன் காற்றின் குறியறிய நோக்குகின்றான்; குழந்தை நிலவைக் கண்டு மகிழ நோக்குகின்றது. ஆனால், வானத்தை நோக்குதல் வேறு. வானத்திற்குக் கலங்களைச் செலுத்தி ஆராய்தல் வேறு. முன்னது எல்லார்க்கும் எளிது. பின்னது கற்றுத் தேர்ந்த சிலரால் மட்டுமே இயலுவது. அச்சிலர் செய்யும் ஆய்வுக்கு வேண்டும் பொருளோ பொதுமக்கள் தரும் வரிப்பணத்திலிருந்து வருகின்றது. ஆகவே, "இவ்வாய்வு எதற்கு? இதனால் எமக்கு என்ன பயன்?" என்று வினவும் உரிமை மக்கள் ஒவ்வொருவர்க்கும் உண்டு. அவ்வினாவைப் பொறுமையுடன் கேட்டு, உண்மையான விடையை அவர்க்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தல் அறிஞர்தம் கடமை. இக்கடமை விண்ணாய்வுக்குப் புறம்பானது அன்று; அதன் உறுப்புகளுள் ஒன்றே என்பதனை இப்பாடத்தில் காண்போம்.

தருமபுரி மாவட்டத்திலுள்ள கம்பைநல்லூர் கடற்கரையும் அன்று. ஏவுதளத்திற்கு அணித்தான ஊரும் அன்று. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும் வறண்ட நிலப்பகுதியைச் சார்ந்த ஊர் அது. அவ்வூருக்கும் விண்ணாய்வுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வூரிலிருந்து வடகிழக்கே சென்றால் சவ்வாது மலையை அடையலாம். அம்மலையிலுள்ள காவலூரில் பெரிய தொலைநோக்கிகள் அமைந்த வானாய்வு நிலையம் ஒன்று இருக்கின்றது. யுரேனசு என்னும் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கான சான்றுகளை 1977ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் உலகின் வேறு சில இடங்களிலிருந்து கண்டனர். அதே வேளையில் காவலூரிலும் அச்சான்று காணப்பெற்றது. அந்நிலையத்திலுள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986ஆம் ஆண்டு தொடங்கி வைக்கப்பெற்றது.

இனி, கம்பைநல்லூரிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியை அடையலாம். நிலவின் மேட்டுநிலங்களில் காணப்படும் அனார்த்தோசைட்டு என்னும் பாறை வகை அவ்வூர்ப் பகுதியிலும் கிடைக்கின்றது. நிலவில் இறங்கவிருக்கும் கலத்தை நிலவின் மண்ணைப் போன்ற மண்ணிலே முதலில் சோதித்துப் பார்த்தல் வேண்டும். அத்தகைய மண்ணை அயல்நாட்டிலிருந்து வாங்குவதற்குப் பெரும்பொருள் செலவாகும். ஆதலின், சித்தம்பூண்டிப் பகுதிப் பாறையைப் பொடி செய்து, அதனையே நிலவின் மண்ணாகக் கொண்டு நம் விண்வெளி அறிஞர் சோதனை நடத்தினர். நிலவைத் தொடுவதற்கு முன்னர் அவர்கள் தொட்டது நம் மண்ணையே! எனவே விண்ணாய்வு எங்கோ நடைபெறும் செயல் அன்று. நம் அண்டை ஊர்களின் மலையும் மண்ணும் அதில் பங்கு பெற்றுள்ளன.

இவ்வளவு கூறியும், "மழை பொய்க்கும் ஊர்க்கு நிலவு எதற்கு?" என்று ஓர் உழவர் வினவலாம். இவ்வினாவை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையாகாது. செல்வம் மிக்க அமெரிக்க நாட்டிலும் இவ்வினா எழுந்தது. 1969ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அந்நாட்டார் நிலவுக்கு மனிதரை அனுப்ப முற்பட்டனர். கலம் புறப்படுவதற்கு முந்தைய நாள், ரால்பு அபர்நாதி என்னும் சமயத் தலைவர் ஏழைக் குடும்பத்தினர் பலரை அழைத்துக்கொண்டு, கோவேறு கழுதைகள் பூட்டிய வண்டிகளுடன் ஏவுதளத்தருகே வந்தார். பசியால் வாடுவோர் பலர் இருக்க, நிலவுச் செலவுக்கு இத்துணைப் பெரும்பொருளைச் செலவிடுதல் தகுமோ என்று அவர் கேட்டார். விண்வெளி நிறுவனத்தின் தலைவராகிய தாமசு பெயின் வாயிலை அடைத்துக்கொள்ளவில்லை. திறந்த வெளியில் அவர்களை எதிர்கொண்டு அவர்தம் குறையைக் கேட்டார். கலத்தை நிறுத்துவதனால் வறுமை தீருமாயின் அதனை நிறுத்திவிடலாம் என்றும், மக்களின் துயரைத் தீர்ப்பது நிலவுக்குச் செல்வதினும் அரிய செயல் என்றும் அவர் ஒப்புக்கொண்டார். வந்தவருள் சிலர் கலம் புறப்படுவதைக் காண்பதற்கும் இடம் அளித்தார். அபர்நாதியும் விண்வெளி வீரர் நலமுடன் மீள வேண்டும் என இறைவனை வேண்டினார். வினா முற்றும் தீர்ந்துவிடவில்லை. எனினும், வினவியவரும் விடை கூறியவரும் ஒருவரை ஒருவர் மதித்தனர்.

நம் நாட்டில் விண்ணாய்வுக்கு வித்திட்டவர் விக்கிரம் சாராபாய் ஆவார். 1962ஆம் ஆண்டு அவர் தலைமையில் அதற்கெனக் குழு ஒன்று அமைக்கப்பெற்றது. வல்லரசுகளோடு போட்டியிடுதல் நம் நோக்கம் அன்று. மக்களின் அன்றாட வாழ்வில் நேரும் இடர்களைக் களைவதற்கு உயர்ந்த அறிவியலைப் பயன்படுத்துதலே நம் நோக்கம் என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை அவர் அவைகளில் மட்டும் எடுத்துரைக்கவில்லை; ஏழை மீனவரிடத்தும் எடுத்துச் சென்றார்.

திருவனந்தபுரத்திற்கு அருகே தும்பா என்னும் மீனவர் சிற்றூர் உள்ளது. நிலவுலகின் காந்த நடுக்கோடு அவ்வூரின் அருகே செல்லுதலின், மேல்வளி மண்டலத்தை ஆராய்வதற்கு அவ்விடம் மிகவும் ஏற்றதாக இருந்தது. ஆனால் அங்கே மக்களின் குடியிருப்புகள் இருந்தன; அவர்கள் வழிபடும் மரிய மகதலேனாள் தேவாலயமும் இருந்தது. சாராபாய் ஆயராகிய பீட்டர் பெர்னார்டு பெரைராவை அணுகித் தம் நோக்கத்தைக் கூறினார். ஆயர் தாமே முடிவு செய்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டிற்குக் கூடிய மக்கள் முன்னிலையில் செய்தியை எடுத்துரைத்து, அவர்தம் கருத்தைக் கேட்டார். மக்களும் இசைந்தனர் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கின்றார். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி வானிற் பாய்ந்தது. அந்நாளில் ஏவூர்தியின் உறுப்புகள் மிதிவண்டியிலும் எடுத்துச் செல்லப்பெற்றன. தேவாலயமே அறிஞர்தம் பணிமனையாயிற்று. இன்று அக்கட்டடம் விண்வெளிக் காட்சியகமாக விளங்குகின்றது. வீட்டையும் நிலத்தையும் விட்டுக் கொடுத்த மீனவர்களை மறந்து நம் விண்வெளி வரலாற்றை எழுதுதல் இயலாது.

சாராபாய் 1971ஆம் ஆண்டு மறைந்தார். அவர் எண்ணியவற்றுள் ஒன்று பின்னர் நிறைவேறிற்று. 1975ஆம் ஆண்டு ஆகத்து முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களைச் சார்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பெற்றன. வேளாண்மை, உடல்நலம், கல்வி முதலியன பற்றிய செய்திகளை ஊர்மக்கள் ஒருங்கு கூடியிருந்து கண்டனர். தமிழகம் அவ்வாறு மாநிலங்களுள் ஒன்று அன்று. எனினும் செயற்கைக்கோளைச் சிற்றூருக்குப் பணிசெய்ய வைக்கலாம் என்பது அதனால் நாடு முழுமைக்கும் புலனாயிற்று.

இனி, உழவரின் வினாவுக்கு விடை காண்போம். செயற்கைக்கோள் மழையைப் பெய்விக்காது. இதனைத் தெளிவாகக் கூறிவிடுதல் வேண்டும். ஆனால் மேகத்தின் போக்கையும் புயலின் வரவையும் அது முன்னரே காட்டும். நிலத்தடி நீர் இருக்கக்கூடிய இடங்களைக் குறிக்கும் வரைபடங்கள் வரைவதற்கு அதன் படங்கள் உதவுகின்றன. 1964ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பயணிகளோடு ஒரு தொடர்வண்டியையே கடல் அலை வாரிக்கொண்டது. அந்நாளில் நமக்கெனச் செயற்கைக்கோள் ஒன்றேனும் இல்லை.

ஆனால், செயற்கைக்கோள் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 1999ஆம் ஆண்டு ஒடிசாவைப் பெரும்புயல் தாக்கியபோது வானிலை அறிவிப்பு இருந்தும் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். தக்க புகலிடங்கள் இல்லை. கடலோர மக்களை வேண்டிய அளவு அப்புறப்படுத்தவும் இயலவில்லை. அதன் பின்னர்ப் புகலிடங்கள் கட்டப்பெற்றன. புயல் வருங்கால் செய்ய வேண்டுவன ஊர்தோறும் மக்களுக்குக் கற்பிக்கப்பெற்றன. 2013ஆம் ஆண்டு அதே மாநிலத்தைப் பைலின் என்னும் கடும்புயல் தாக்கியது. அப்பொழுது ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் முன்னரே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர். உயிரிழந்தோர் தொகை நூற்றினும் மிகக் குறைவு. விண்ணிலிருந்து வந்த செய்தி, மண்ணிலுள்ளோர் அதனை உணர்ந்து நம்பியபோதே உயிர் காத்தது. மக்களுக்கு அறிவியலை எடுத்துரைத்தல் வெறும் விளம்பரம் அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

மக்களின் நம்பிக்கையைப் பெறுதற்கு வாய்மையே வழி. 1979ஆம் ஆண்டு ஆகத்து 10ஆம் நாள் நம் நாட்டின் முதல் எசு. எல். வி. ஏவூர்தி வங்கக் கடலில் வீழ்ந்தது. அத்திட்டத்தை நடத்தியவர் அப்துல் கலாம். ஆயினும், நிறுவனத் தலைவராகிய சதீசு தவான் தாமே செய்தியாளர் முன் தோன்றித் தோல்விக்குப் பொறுப்பேற்றார். 1980ஆம் ஆண்டு சூலை 18ஆம் நாள் முயற்சி வெற்றி பெற்றபோது, செய்தியாளரைச் சந்திக்குமாறு கலாமையே அனுப்பினார். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் சந்திரயான் இரண்டின் தரையிறங்கு கலம் நிலவில் மோதிச் சிதைந்ததை மக்கள் விழித்திருந்து நேரிற் போலக் கண்டனர். அத்தோல்வி மறைக்கப்படவில்லை. குறைகள் ஆராய்ந்து களையப்பெற்றன. 2023ஆம் ஆண்டு ஆகத்து 23ஆம் நாள் சந்திரயான் மூன்று நிலவின் தென்முனையை அடுத்த பகுதியில் இனிது இறங்கிற்று. தோல்வியில் உடனிருந்த மக்கள் வெற்றியையும் தம்முடையதாகவே கொண்டாடினர்.

வாய்மைக்குப் பகையாவது மிகைபடக் கூறல். ஓட்டுவோன் இன்றி வானில் இயங்கும் ஊர்தி பற்றிப் புறநானூறு பேசுகின்றது. அதனைக் கொண்டு நம் முன்னோர் ஏவூர்தி செய்தனர் என்று கூறுதல் பொருந்தாது. அது புலவரின் உயர்ந்த கற்பனை. ஏவூர்தியோ கணக்கினாலும் சோதனையாலும் பிறந்தது. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் போற்றுதலே அறிவுடைமை. செலவைப் பற்றியும் இங்ஙனமே உண்மை உரைத்தல் வேண்டும். சந்திரயான் மூன்றுக்கு ஏறத்தாழ 615 கோடி உரூபாய் செலவாயிற்று. அதனை நாட்டு மக்கள் 140 கோடிப் பேருக்குப் பகுத்தால் ஆளுக்கு ஐந்து உரூபாயினும் குறைவே. எனினும், ஏழையின் ஐந்து உரூபாயும் ஏழையின் உழைப்பே அன்றோ? அதற்குக் கணக்குக் கூறுதல் கடனாகும்.

எடுத்துரைக்கும் மொழி தாய்மொழியாக இருத்தல் வேண்டும். தமிழால் அறிவியல் கூற இயலுமோ என்று ஐயுற்றோர் பலர் இருந்த காலத்திலேயே பெ. நா. அப்புசுவாமி அறிவியற் கட்டுரைகளைத் தமிழில் எழுதினார். விண்வெளித் துறையில் பணியாற்றிய நெல்லை சு. முத்து, மயில்சாமி அண்ணாதுரை போன்றோர் அத்துறைச் செய்திகளைத் தமிழ் நூல்களாக்கித் தந்துள்ளனர். நல்ல கலைச்சொல் பொருளைத் தானே விளக்கும். 'ஏவூர்தி' என்னும் சொல்லைக் காண்க. அது வினைத்தொகை. ஏவிய ஊர்தி, ஏவுகின்ற ஊர்தி, ஏவும் ஊர்தி என முக்காலத்திற்கும் விரியும். சென்றதும் செல்வதும் செல்லவிருப்பதும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிடுகின்றன!

இன்று மாணவர்க்கு வாய்ப்புகள் பல உள்ளன. ஆண்டுதோறும் அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம் கொண்டாடப்பெறுகின்றது. 1957ஆம் ஆண்டு முதல் செயற்கைக்கோள் ஏவப்பெற்ற நாளும், விண்வெளியை அமைதி வழியிற் பயன்படுத்துதல் பற்றிய உலக உடன்படிக்கை 1967ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நாளும் அவ்வாரத்தின் இரு எல்லைகளாகும். சந்திரயான் மூன்று இறங்கிய ஆகத்து 23ஆம் நாள் தேசிய விண்வெளி நாளாகப் போற்றப்படுகின்றது. சிறீஅரிக்கோட்டாவில் ஏவூர்தி எழுவதைப் பொதுமக்கள் கண்டு களிக்கும் அரங்கு 2019ஆம் ஆண்டு முதல் உள்ளது.

பெருநகரத்தில் பிறந்தோர்க்கே இத்துறை உரியது என்று எண்ணற்க. சந்திரயான் ஒன்றின் திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்து தமிழ்வழியில் பயின்றவர். சந்திரயான் மூன்றின் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சார்ந்தவர். ஞாயிற்றை ஆராயும் ஆதித்யா கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் சாசி செங்கோட்டையைச் சார்ந்தவர். அவர்களைப் போலக் கம்பைநல்லூரிலிருந்தும் ஒருவர் வருதல் அரிதன்று.

தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்திற்கு 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. அங்கிருந்து தெற்கு நோக்கி ஏவப்படும் சிறிய ஏவூர்திகள் இலங்கைத் தீவைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டுவதில்லை; அதனால் எரிபொருள் மிச்சமாகும். தும்பாவில் நிலம் தந்தோரைப் போலவே இங்கும் மக்கள் தம் நிலத்தைத் தந்துள்ளனர். அவர்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் அங்கு நிகழ்வதனை விளக்கிக் கூறுதல் நன்றிக் கடனாகும்.

மாணவர்களே! கலம் செய்வோர் சிலரே ஆவர். ஆனால், கற்றதை ஊரார்க்கு விளங்க உரைத்தல் உங்கள் எல்லார்க்கும் இயலும். வானொலியில் புயல் அறிவிப்பு வரும்போது அதன் பொருளை வீட்டிலுள்ள முதியோர்க்கு எடுத்துக் கூறுங்கள். நிலவு எதற்கு என்று உழவர் ஒருவர் வினவினால் நகையாடாதீர். அமர்ந்து விடை கூறுங்கள். தெரியாததைத் தெரியாது என்று உரைத்து, கேட்டறிந்து மறுநாள் வந்து சொல்லுங்கள். விண்ணைப் பற்றிய அறிவு மண்ணிலுள்ளோர் அனைவர்க்கும் உரிய பொதுச்செல்வமாகுக.